முன்னால் போன பெட்டி

எங்கள் வீட்டு நெற்குதிருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் பச்சைப் பெட்டி மூன்று ஆனி மாதங்களில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. மூடியில் இரண்டு மயில்கள். ஒன்றுக்குக் கண் அழிந்திருந்தது. அந்த மூலைக்கு மேலே கூரையில் உடைந்த ஓடுகள் நான்கு. மழை பெய்தால் பெட்டிமேல் சொட்டுமே, எறும்பு ஏறுமே, எலி கடித்தால் யார் பதில் சொல்வது என்று நான் மூன்று வருடமும் கவலைப்பட்டேன். பெட்டிக்கு உரியவர் ஒரு நாளும் கவலைப்படவில்லை.

"அதான் பெட்டி கெளம்பிருச்சுல்ல தம்பி, அப்பறம் என்ன?" என்பார்.

அவர் பெயரை எழுதவில்லை. பெரம்பலூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் எதிர்வீட்டு அக்காதான். எதிரில் குடியிருக்காதவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பரஸ்தானம் என்ற வழக்கம் இப்போது பலருக்குத் தெரிந்திருக்காது. தூரப் பயணம் போகிறவருக்கு நல்ல நாள் ஒன்றாகவும், வசதிப்படுகிற நாள் வேறொன்றாகவும் அமைந்தால், நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து மூட்டையையோ குடையையோ போகிற திசையிலுள்ள இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு ஆள் புறப்படும்போது அங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் வீடு அக்காவின் வீட்டுக்குக் கிழக்கே இருந்தது. ரயில் ஏறுவதற்கு அவர் போகவேண்டிய அரியலூரும் கிழக்கே. ஆகவே தெருவின் அகலமான பதினாறு அடி அவருடைய பயணத்தில் கழிந்துவிட்டது. மீதி இருபது மைல் பஸ்ஸும், அதற்கு மேல் விழுப்புரம் பக்கம் போகும் ரயிலும்தான்.

அவர் போக நினைத்தது ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிக்கு. கல்யாணத்துக்கு முன்பே எட்டாம் வகுப்பு தேறியவர். இரண்டு வருடம் பயிற்சி முடித்தால் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைக்கும். தங்குவதற்கு இடமும் சாப்பாடும் பள்ளியிலேயே. பெண் பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்வையிட வந்த அம்மாள் ஒருவர், எங்கள் தெருவில் எட்டுப் பெண் குழந்தைகள் அக்காவைச் சுற்றி மண்ணில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ ஏம்மா இங்க உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டு, விண்ணப்பமும் வாங்கி அனுப்பினார். இடம் கிடைத்தது. அடுத்த வருடமும் கிடைத்தது. போகத்தான் முடியவில்லை.

கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தார்கள். ஒரு நாள் வரிசையில் நாற்பத்தொரு பேர் நின்றோம். நான் முப்பத்தேழாவது ஆள். தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கதவைச் சாத்தப் போனார். அக்கா வரிசையை விட்டு விலகி நேராகக் கடைக்குள் போய் டின்னை ஆட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, காலி டின்னு தண்ணிக் கொடம் மாதிரி குலுங்குது? நீங்க அளக்கிறீங்களா, நான் அளக்கட்டுமா?"

கடைக்காரர் அளந்தார். நாற்பத்தொரு பேருக்கும் கிடைத்தது. அடுத்தவர் காரியத்தில் அக்காவுக்கு நாள் கிடையாது, நேரம் கிடையாது. பஞ்சாங்கத்தை ஒருமுறைகூடப் புரட்டமாட்டார்.

சொந்தக் காரியம் என்றால் ஆளே வேறு. தொடக்கத்தை மட்டும் சாங்கோபாங்கமாகச் செய்வார். அதோடு அந்தக் காரியம் நடந்து முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி அவருக்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை போட வேண்டும் என்று ஒரு நல்ல நாளில் முதல் காலை நட்டார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து எங்களுக்கெல்லாம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார். இரண்டாவது கால் வரவே இல்லை. நட்டது கிளுவைக் கொம்பு. அது மழைக்குத் துளிர்த்துக் கிளைவிட்டது. ஆடு கட்ட உதவியது, கோழி ஏறி உட்கார உதவியது.

"கொட்டா எப்ப எழும்பும்?" என்று என் அம்மா கேட்டார்.

"அதான் எழும்பிக்கிட்டு இருக்கே சின்னம்மா, பாருங்க எத்தன எல!" என்று சொல்லிவிட்டு அக்காவே முதலில் சிரித்தார்.

அவருடைய கணவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தார். ஜப்பான்காரர்கள் அந்த நாட்டைப் பிடித்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. அவர் கடைசிவரை திரும்பி வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நாட்களில் அது எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவும் மாமியாரும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். தபால்காரர் தெருவுக்குள் நுழையும் நேரத்தில் இருவரும் வாசலுக்கு வருவார்கள். மாமியார் கையில் முறம் இருக்கும், அக்கா கையில் துடைப்பம் இருக்கும். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் முறமும் துடைப்பமும் உள்ளே போய்விடும். அந்த வீட்டில் அரிசி புடைப்பதும் வாசல் பெருக்குவதும் அந்த வேளையில்தான்.

முதல் வருடம் அக்கா பஸ்வரைக்கும் போனார். அப்போது கரி பஸ். பின்புறம் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தீயை மூட்டி, வண்டி உறுமுவதற்குள் பயணிகள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெட்டி கூரைமேல் ஏறிவிட்டது. புதிதாக வந்திருந்த கண்டக்டர் சேலம் பக்கத்துக்காரர். அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, எங்க போறே?" என்றார்.

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் காரியம் ஆகாது. எங்கள் பக்கத்துக் கண்டக்டர்கள் அதனால்தான் "தூரமா, கிட்டவா?" என்று கேட்பார்கள், ஆள் ஊர்ப் பெயரைத் தானே சொல்லிவிடுவார். அக்கா எழுந்து இறங்கினார். பெட்டியையும் இறக்கச் சொன்னார். கண்டக்டருக்குக் கடைசிவரை தான் செய்த குற்றம் என்னவென்று விளங்கவில்லை.

இரண்டாவது வருடம் பஸ்வரைக்கும்கூடப் போகவில்லை. என் அப்பாவிடம் நாள் கேட்டார். அப்பா பஞ்சாங்கத்தில் ஊறியவர். கிழக்கே திங்களும் சனியும் சூலம். அரியலூரில் ரயில் ஏறி வடக்கே போகவேண்டும். வடக்கே செவ்வாயும் புதனும் சூலம். வெள்ளிக்கிழமை பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. மிச்சம் வியாழன். வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் எமகண்டம், பத்து மணி பஸ்ஸில் ஏறினால் குளிகை.

"ஏழு நாள் போயிருச்சேப்பா, எட்டாவது நாளுக்கு எங்க போறது?" என்று நான் கேட்டேன்.

"சூலத்துக்குப் பரிகாரம் இருக்குடா. தயிரு சாப்பிட்டுட்டுப் போகலாம், பாலு குடிச்சுட்டுப் போகலாம். அவ மனசுக்கு என்ன பரிகாரம்?" என்றார் அப்பா. பஞ்சாங்கக்காரர் சொன்னார் என்பதால் இது எனக்கு நினைவிருக்கிறது. ஆடி பிறந்ததும் பெட்டி எங்கள் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

மூன்றாவது வருடம்தான் கடைசி வாய்ப்பு. அடுத்த ஆனி வந்தால் சேர்க்கைக்கான வயதைத் தாண்டிவிடுவார். அந்த வருடமும் வைகாசி முடிவில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது, ஒரு வளர்பிறை நாளில் பெட்டியும் வந்தது, வழக்கம்போல அக்கா நிம்மதியானார். ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். நான் அப்போது தாலுகா ஆபீஸில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்ததும் எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் அதிகம் பேசாதவர். "பெட்டியில ஒரு துணி வெக்கணும்" என்று மாற்றுச்சாவியோடு குதிர்ப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏங்க தம்பி, பரஸ்தானம் வெச்ச பெட்டி நாளு தாண்டிக் கெடந்தா, அது வெச்சவங்களுக்குத் தோஷமா, வெச்சிருக்கிற வூட்டுக்குத் தோஷமா?"

அப்பாவின் முகம் மாறியது. எனக்கு அந்த வருடம் இரண்டு பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தன. பசு சினை பிடிக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டினார். கூட்டுத்தொகை குதிருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிருங்களேன்" என்றார் அம்மா.

"திருப்பி எடுக்கக் கூடாது. ரெண்டு வருஷமா அதத்தானே தப்பாப் பண்ணினோம்! வெச்ச பெட்டி போற தெசையிலதான் போகணும்."

மறுநாள் திங்கள்கிழமை. கிழக்கே சூலம். அப்பா இரண்டு கை தயிர் சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு ஆறு மணி பஸ்ஸில் அரியலூருக்குப் போய்விட்டார். அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிரில் அவருடைய சிநேகிதர் ஒருவர், லெப்பைக்குடிக்காட்டுக்காரர், வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தார். பெட்டியை அங்கே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, தலைக்குக் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வந்தார். எண்ணெய் வைக்காத தலை, அடுப்பங்கரைச் சேலை. மறுநாள் புதன்கிழமையோடு சேர்க்கை முடிகிறது.

"பெட்டியக் குடுங்க சின்னம்மா. வூட்டுக்குக் கொண்டுபோறேன். இந்த வருசமும் ஆகல, விடுங்க" என்றார். குரலில் வருத்தம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"பெட்டி போயிருச்சும்மா" என்றார் அப்பா.

"போயிருச்சா? எங்க?"

"அரியலூருக்கு. ஸ்டேசன் எதுத்தாப்புல இருக்கு. பத்திரமா இருக்கு."

"யாரு கூட போச்சு?"

"நாந்தான் கூடப் போனேன்."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஏன் சித்தப்பா, படிக்கப் போறது நானா, நீங்களா, பெட்டியா? என் நல்ல சேலை மூணும் அதுலதான் கெடக்கு. எட்டாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டு அதுலதான் கெடக்கு. வெச்சிருந்த காசு அதுலதான் கெடக்கு. பொட்டுக்கடல வாங்கக்கூட வூட்டுல காசு இல்ல!"

அப்பா மடியிலிருந்து பஸ்ஸுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். "தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துக்கிட்டு வந்துரும்மா" என்றார். எனக்கு ஆபீஸில் ஒரு நாள் லீவு போயிற்று.

பத்து மணி பஸ். செவ்வாய்க்கிழமை பத்து மணி எமகண்டம். நான் சொல்லவில்லை, அக்காவும் கவனிக்கவில்லை. வாசலில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. "சீ, போ" என்று சொல்லிவிட்டு நடந்தார். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் பக்கத்துக்காரர், அக்காவைத் தெரிந்தவர்; பயந்துகொண்டே வந்து, "தூரமாங்க, கிட்டவாங்க?" என்றார்.

"தூரமென்ன கிட்டமென்ன? அரியலூருக்குப் போறேன். என் பெட்டி எனக்கு முன்னாடி போயி ஒக்காந்திருக்கு. எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருவேன். ரெண்டு டிக்கெட்டுக் குடுங்க."

அவர் பயணம் போகவில்லை. பெட்டி எடுக்கத்தான் போனார். அதற்கு எதற்குச் சகுனம்? தோஷத்துக்குப் பயந்துதான் அப்பா பெட்டியைக் கொண்டுபோனார் என்று பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். வழியில் மூன்று மேடுகளில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். மூன்றாவது மேட்டில் அக்காவும் இறங்கிவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் அப்பாவைத் திட்டிக்கொண்டே தள்ளினார். பின்புற உருளையின் கரி அவர் கன்னத்தில் அப்பிக்கொண்டது. "ஒங்கப்பன் பஞ்சாங்கத்த இந்த அடுப்புல போட்டிருந்தா வண்டி இந்நேரம் மெட்ராஸுக்கே போயிருக்கும்" என்றார். தள்ளியவர்கள் பதினோரு பேரும் சிரித்ததில் வண்டி இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

அரியலூரில் கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா, பெட்டி நேத்தே வந்துருச்சு. நீங்கதான் லேட்டு. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு, இன்ஷா அல்லாஹ் ஒக்காந்தே போகலாம்."

"நான் ரயிலுக்கு வரலைங்க பாய். பெட்டிய எடுத்துக்கிட்டுத் திரும்பறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எறும்பைப் பற்றிக் கேட்டேன். அதற்காகத்தான் அக்கா பெட்டியைத் திறந்தார். இல்லாவிட்டால் திறந்திருக்கவே மாட்டார். எறும்பு இல்லை. மேலாக மடித்து வைத்திருந்தது ஒரு கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. பினாங்கிலிருந்து மகன் தாய்க்கு அனுப்பிய கம்பளி அது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மார்கழியில்கூட மாமியார் அதைப் போர்த்திக்கொண்டது கிடையாது. வெயிலில் காயவைத்து, மடித்து, உள்ளே வைத்துவிடுவார். அக்காவை ஒரு நாளும் தொடவிட்டதில்லை.

அக்கா கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடிப்பைப் பிரித்து, மறுபடி அதே கோட்டில் மடித்தார்.

"இத அத்தை யாருக்கும் குடுக்க மாட்டாங்களே" என்றார். பிறகு, "சித்தப்பாவுக்குத் தோஷம் கீஷம்னு யாருடா சொன்னது?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய அத்தைதான் என்றேன். அவர் கம்பளியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

திரும்பும் பஸ் வந்து கரி நிரப்பிக்கொண்டது, கிளீனர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். நான் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தேன். அக்கா மறு காதைப் பிடிக்கவில்லை.

"மொகத்துல கரி இருக்காடா?"

"இருக்குதுங்கக்கா. ரெண்டு கன்னத்துலயும்."

கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி முகத்தைக் கழுவினார். உள்ளே போய்க் கடைக்காரரின் மனைவியிடம் கேட்டுக்கொண்டு நல்ல சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். "டிக்கெட்டு எந்தப் பக்கம்டா குடுக்கறாங்க?" என்றார்.  பணத்தை எண்ணி என்னிடமே கொடுத்தார். ரயில் வந்தது மூன்றரைக்கு. செவ்வாய்க்கிழமை மூன்றரை நல்ல ராகு காலம். வடக்கே சூலம் வேறு. பால் குடிக்கவும் இல்லை. இத்தனை கூடாதவற்றையும் ஒன்று விடாமல் சேர்த்து ஒரு பயணம் தொடங்கியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பெட்டியை உயர்த்தி ஏற்றினேன். ரயில் நகரும்போது, "அத்தைகிட்ட..." என்று ஆரம்பித்தார். மீதி எனக்குக் கேட்கவில்லை.

பயிற்சி முடித்து வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். பல வருடம் கழித்து ஒருமுறை போய்ப் பார்த்தேன். பள்ளி திறக்கும் நாள். வாசல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அக்கா ஒரு பிள்ளையையும் கொஞ்சவில்லை, இழுக்கவில்லை. ஒவ்வொன்றின் கையிலிருந்தும் சிலேட்டை மட்டும் வாங்கிக்கொண்டுபோய் உள்ளே வரிசையாகத் தரையில் வைத்தார். சிலேட்டைத் தேடிக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம் நான் தனியாக ஊருக்குத் திரும்பினேன். வழி முழுவதும் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை. பெட்டி எடுக்கப் போனவரை ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்குள் போகாமல் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க பெரியம்மா."

"ஒக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. ஜன்னலோரம்."

"அழுதாளா?"

"ஸ்டேசன்ல அழல. அப்பறம் தெரியாது."

அவர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"இல்ல பெரியம்மா... மலேயாவுலேருந்து அவரு திடீர்னு வந்து நின்னா? வூட்டுல அக்கா இல்லாம?"

"நான் இருக்கேன்ல" என்றார். "ஒருத்தன் வர்றதுக்கு ஒரு ஆளு காத்துக்கிட்டு இருந்தாப் பத்தாதா? ரெண்டு பேரு எதுக்குடா?"